கழுத்துக்குக் கீழே நான்கு நாட்கள்

இரண்டு தடவை வெளிநாடு போயிருக்கிறேன். இரண்டுமே கம்பெனி வேலையாக. திரும்பி வந்ததும் ரிப்போர்ட் எழுதச் சொன்னார்கள். எந்தக் கடையில் எந்தக் கலர் தொங்கியது, அந்த ஊர்க் குழந்தைகள் என்ன போட்டுக்கொண்டு அலைகின்றன என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தேன். எம்.டி. அதைப் படித்தாரா என்பது வேறு விஷயம். இந்த மே மாதம் திருப்பூரிலிருந்து உடுமலைக்குக் குடும்பத்தோடு போய் வந்தேன். பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரம், மொத்தம் நான்கு நாள். இதற்கு யாரும் ரிப்போர்ட் கேட்கவில்லை. ஆனால் எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது.

முதலில் என்னைப் பற்றி. சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். திருப்பூருக்கு வந்து பதினாலு வருடம் ஆகிறது. குழந்தைகள் உடுப்பு ஏற்றுமதி செய்யும் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக் கடைக்காரனுக்கும் இங்கே தைக்கிறவனுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குகிற வேலை. அந்தக் கடைக்காரனைத்தான் நாங்கள் பையர் என்போம். மனைவி சுமதி உடுமலைக்காரி. மகள் மகிழினிக்கு ஆறு வயது, மகன் தருணுக்கு மூன்று.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு நோட்டு. மகியின் பள்ளிக்கூடத்தில் லீவு விடும்போது, ‘விடுமுறையில் நான்’ என்று ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு அனுப்புவார்கள். லீவில் போன இடத்தில் எடுத்த போட்டோ ஒன்றை அதில் ஒட்டி, கீழே இரண்டு வரி எழுதிக்கொண்டு போக வேண்டும். போன வருடம் நாங்கள் எங்கேயும் போகவில்லை. ஷிப்மெண்ட், அப்புறம் இன்னொரு ஷிப்மெண்ட், அதற்குள் லீவு முடிந்துவிட்டது. பிள்ளை என்ன செய்தாள் தெரியுமா? நான் வீட்டுக்குக் கொண்டுவரும் சட்டைகளில் ஒரு அட்டை தொங்குமே, வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று சிரித்துக்கொண்டிருக்கும், அதை வெட்டி ஒட்டிவிட்டாள். இது யார் என்று டீச்சர் கேட்டதற்கு, “அப்பா ஆபீஸ் பாப்பாங்க” என்றாளாம். டீச்சர் இதைச் சிரிப்பாகத்தான் சொன்னார். சுமதி சிரிக்கவில்லை.

“ஏனுங்க, இந்த வருசம் அந்தப் பக்கத்துல எம் புள்ள மூஞ்சிதான் இருக்கோணும். சொல்லிப்போட்டேன்” என்றாள். கொங்குக்காரர்களின் கோபத்தை எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். மரியாதை குறையவே குறையாது. ஆனால் அந்த ‘ஏனுங்க’வில் ஒரு கத்தி இருக்கும்.

நானும் சரி என்றேன். நான்கு நாள், உடுமலையில் அவள் அக்கா வீடு, அமராவதி அணையில் முதலை, முதலைக்கு முன்னால் மகி, ஒரு போட்டோ. இவ்வளவுதான் திட்டம்.

முதல் நாள் காலையிலேயே நான் திருட்டுத்தனம் செய்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் சுமதி பிள்ளைகளை ஏற்றி ஜன்னல் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணி பாட்டில் வாங்க இறங்கினேன். எங்கள் சாம்பிள் மாஸ்டர் பைக்கில் வந்து நின்றார், கையில் ஒரு கவர்.

“ஏனுங்ணா, பையர் குழந்தைக்குப் போட்டுத்தான் போட்டோ கேக்கறாங்க. டம்மி பொம்மைல போட்டு அனுப்புனா ஒத்துக்க மாட்டீங்கறாங்க. பாப்பா உங்ககூடத்தான வருது. ரெண்டே நிமிசந்தானுங்க” என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரு டிசைன் வந்தால் முதலில் ஒரே ஒரு உடுப்பு தைத்து, அது சரியாக உட்காருகிறதா என்று குழந்தைக்குப் போட்டுப் பார்ப்போம். வெளிநாட்டில் அதற்கென்று ஆள் வைத்திருப்பார்கள். இங்கே அந்த வசதி இல்லை. “யார் ஊட்லீங்க ஆறு வயசுப் பாப்பா இருக்குது?” என்று ஆபீசில் ஒரு சத்தம் வரும். மகி ஒன்றரை வயதிலிருந்து அந்தச் சத்தத்துக்குப் பதில். ஒவ்வொரு சைஸாக அவளும் ஏறி வந்தாள். உயரம் நூற்றுப்பதினாறு சென்டிமீட்டர், மார்பு அறுபது, தோள் அகலம் இருபத்தெட்டரை, எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எந்த அப்பனுக்கு மகளைப் பற்றி இவ்வளவு தெரியும் என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டது உண்டு. போட்டோ எடுக்கவும் முறை இருக்கிறது. கையை உடம்போடு ஒட்டாமல் கொஞ்சம் விலக்கி வைக்க வேண்டும், மூச்சை இழுக்கக் கூடாது. முன்பக்கம், சைடு, பின்பக்கம் என்று மூன்று படம். குழந்தையின் முகம் தெரியக் கூடாது என்பது பையர் போட்ட விதி. நல்ல விதிதான். அதனால் கழுத்துக்குக் கீழே மட்டும் எடுப்பேன்.

மாஸ்டர் கொடுத்த கவரை முறுக்கு டின்னுக்கு அடியில் வைத்து ஜிப்பை மூடினேன். தண்ணி பாட்டில் வாங்க மறந்துவிட்டேன். அதற்குச் சுமதியிடம் தனியாக ஒரு ஏனுங்க.

குடிமங்கலம் தாண்டியதும் டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கி ஒரு வேப்ப மரத்தடியில் நின்றோம். சுற்றிலும் காற்றாலைக் காற்றாடிகள் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கீழே ஒரு இலைகூட அசையவில்லை. “காத்தப் பூரா அதுங்களே குடிச்சுப்போடுதுங்க” என்று கண்டக்டர் மேலே பார்த்துச் சலித்துக்கொண்டார். ஸ்டெப்னி டயரிலும் காற்று இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

எங்களோடு ஒரு இளம் தம்பதி நின்றது. பீகார்க்காரர்கள், திருப்பூரில் ஏதோ நிட்டிங் கம்பெனியில் வேலையாம். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கொஞ்ச நேரத்தில் மகியோடு கை தட்டி விளையாட ஆரம்பித்துவிட்டாள். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. அவள் இந்தியில் எண்ணுவாள், மகி தமிழில் எண்ணுவாள், எங்கேயோ தப்பாகி இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வேலையிடத்தில் கற்ற அரைகுறை இந்தியில் அவர்கள் பேசிக்கொண்டது எனக்குப் புரிந்தது.

“நம்ம பொண்ணும் இந்நேரம் இந்த உயரம் வந்திருப்பாள்” என்றாள் அவள்.

“போன வாரம்தானே வீடியோவில் பார்த்தாய்?” என்றான் புருஷன்.

“வீடியோவில் உயரமா தெரியும்?”

பாவம், பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவர்களைப் பார்த்துப் பாவப்படுகிற யோக்கியதை எனக்கு இருக்கிறது என்று அப்போது நம்பினேன். அதற்குள் சாம்பிள் மாஸ்டரிடமிருந்து போன் வந்தது. நான் மரத்துக்கு அந்தப் பக்கம் போய், உடம்புத் துணியோடு கை சேருகிற இடமான கைக்குழியின் அளவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அந்தப் பெண் தன் போனை நீட்டிப் பிடித்து மகியோடு படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மகி வாய் நிறையச் சிரித்தாள். அந்தப் படத்தை எனக்கு அனுப்பச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. நம்மிடம்தான் போன் இருக்கிறதே, இன்னும் மூன்று நாள் இருக்கிறதே என்ற தைரியம்.

இரண்டாம் நாள். சுமதியின் அக்கா வீடு தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. சகலைக்குக் காற்றாலையில் வேலை. காலையில் சந்தகையும் தேங்காய்ப்பாலும். எங்கள் ஊர் இடியாப்பத்துக்குத் தம்பி முறைதான், ஆனால் மதினி, அதாவது சுமதியின் அக்கா, தட்டில் வைத்த அளவுக்கு எங்கள் ஊரில் யாரும் வைக்க மாட்டார்கள். “இன்னொன்னு வெச்சுக்கோங்க தம்பி, இது காத்து மாதிரிதான்” என்று சொல்லிச் சொல்லி ஒன்பது சந்தகை சாப்பிட வைத்துவிட்டார்.

அன்றைக்குப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வேலைதான், தோட்டத்துத் தொட்டியில் குளிப்பது. மோட்டார் போட்டால் குழாயிலிருந்து தண்ணி பூசணிக்காய்த் தடிமனுக்கு விழும். ஆனால் மோட்டார் ஓட த்ரீ ஃபேஸ் கரண்ட் வேண்டும். அந்த வாரம் பகலில் அது பத்து மணிக்கு வந்து பன்னிரண்டுக்குப் போய்விடும் என்று மதினி சொன்னார். மகி ஒன்பது மணிக்கே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

ஒன்பதேமுக்காலுக்கு மாஸ்டர் போன். “ஏனுங்ணா, பையர் மத்தியானத்துக்குள்ள கேக்கறாங்க.”

சுமதி சமையல்கட்டில் இருந்தாள். நான் மகியை மோட்டார் ரூமுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். “ரெண்டு நிமிசம் மக்கா, முடிஞ்சதும் நேரா தொட்டிதான்.” கவரைப் பிரித்தேன். மூன்று உடுப்பு, மூன்றும் குளிர்கால ஜாக்கெட். நாம் வெயிலில் வேகும்போதுதான் அவர்களுடைய குளிருக்குத் தைப்போம், அதுதான் எங்கள் தொழில். உள்ளே பஞ்சு போல வாரிவிட்ட துணி, மேலே தொப்பி, கழுத்து வரை ஜிப். மே மாதத்து உடுமலை வெயிலில் அதைப் போட்டுவிட்டேன். பிள்ளைக்குப் பழக்கம்தான். கையை விலக்கி வைத்து நின்றாள்.

முதல் படத்தை அனுப்பியதும் சரியில்லை என்று ஆபீசிலிருந்து பதில் வந்தது. கைக்குழி பிடிக்கிறது, டேப் வைத்துக் காட்டுங்கள் என்றார்கள். வைத்துக் காட்டினேன். அடுத்த ஜாக்கெட். ஜிப் நெளிகிறது, இன்னொரு கோணம். கழற்றி மறுபடி போடுங்கள். தொட்டிப் பக்கமிருந்து தண்ணிச் சத்தமும் அக்கா பிள்ளைகள் கத்துகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. தருண்கூட அங்கேதான் இருந்தான். மகி அந்தப் பக்கம் திரும்பினால் நான் தோளைப் பிடித்து நேராக்கினேன். “மூச்ச இழுக்காத” என்று ஒரு தடவை அதட்டவும் செய்தேன். கழுத்தில் வியர்வை கோடு கோடாக இறங்கியது. படத்தில் ஈரம் தெரியக் கூடாது என்று துண்டால் ஒற்றி எடுத்தேன், அவள் குளிக்கக் கொண்டுவந்த அதே துண்டால்.

மூன்றாவது ஜாக்கெட்டைக் கழற்றியபோது மோட்டார் சத்தம் நின்றது. கரண்ட் போய்விட்டது. மகி ஓடிப்போய்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணி எல்லாம் மரத்துக்கு ஓடிவிட்டது. அடியில் கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. அவள் அழவில்லை. உள்ளே இறங்கி அந்தக் கொஞ்சம் தண்ணியில் கவுனோடு உட்கார்ந்துகொண்டாள்.

சுமதி வந்து பார்த்தாள், தொட்டியையும் என் கையிலிருந்த ஜாக்கெட்டையும். பிள்ளையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு சிவந்து கிடந்தது.

“ஏனுங்க, உங்களுக்கு மண்டைக்குள்ள ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“ரெண்டு நிமிசம்னுதான் சொன்னாங்க...”

“அவிய சொல்லுவாங்க. அப்பன் நீங்கதானுங்களே?”

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மத்தியானம் அரிசிம்பருப்புச் சோறு, நெய், கூடவே அப்பளம். மதினி கைப்பக்குவத்துக்கு அந்த வட்டாரத்திலேயே பெயர் உண்டு. எனக்கு உப்பு இருந்ததா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. மகி எப்போதும்போலப் பேசிக்கொண்டே சாப்பிட்டாள். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள் அணைக்குப் போனோம். போனை அணைத்துவிடுகிறேன் என்று சுமதியிடம் சத்தியம் செய்தேன். போட்டோவுக்கு மட்டும்தான் அதை எடுப்பேன் என்றேன். அவள் போனைப் போன மாதம்தான் தருண் பக்கெட் தண்ணிக்குள் போட்டுக் குளிப்பாட்டியிருந்தான், அதனால் என் போன் ஒன்றுதான் கதி.

அணையோரப் பண்ணையில் முதலைகள் வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்தன. “அப்பா, பொம்மைங்க” என்றான் தருண். நான் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒன்று சடாரென்று தண்ணிக்குள் பாய்ந்தது. அவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டவன் வெளியே வரும்வரை விடவில்லை. வெளியே அணை மீனை மசாலா தடவி வறுத்துக்கொண்டிருந்தார்கள். முள் எடுத்து எடுத்து சுமதி இரண்டு பேருக்கும் ஊட்டினாள். எனக்கும் ஒரு துண்டு நீட்டினாள். சமாதானம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

“சரி மகி, வா, நோட்டுக்குப் போட்டோ எடுப்போம்” என்றேன். பின்னால் அணைத் தண்ணி, அதற்கும் பின்னால் மலை. நல்ல வெளிச்சம். மகி ஓடிப்போய்க் கைப்பிடிச் சுவருக்கு முன்னால் நின்றாள். கையை உடம்போடு ஒட்டாமல் விலக்கி வைத்தாள். முன்பக்கம் நின்றாள். நான் போனைச் சரிசெய்து நிமிர்வதற்குள் தானாகவே சைடாகத் திரும்பினாள். ஒரு நொடி நின்றுவிட்டு முதுகைக் காட்டி நின்றாள்.

“மக்கா, இந்தப் பக்கம் திரும்பு. என்னைப் பாரு” என்றேன்.

அவள் தோளுக்கு மேலாகத் திரும்பிக் கேட்டாள். “ஏனுங்கப்பா, இதுல தலை வேணுங்களா?”

சண்டைக்குக் கேட்கவில்லை. கேலியும் இல்லை. வேலை தெரிந்த ஆள் வேலையைப் பற்றிக் கேட்கிற மாதிரிக் கேட்டாள். சுமதி கையில் மீன் முள்ளோடு அப்படியே நின்றாள்.

“வேணும்” என்றேன். “தலைதான் வேணும். சிரி மக்கா.”

சிரித்தாள். மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லை.

“ஐயோ, பல்லு எப்ப விழுந்துச்சு?”

“அது பழசுங்கப்பா. பரீச்சைக்கு முன்னாடியே விழுந்துருச்சு.” சொல்லிவிட்டு உதட்டை மூடிக்கொண்டாள். அதன் பிறகு எத்தனை தடவை சொல்லியும் திறக்கவில்லை. நான் இருபது, முப்பது படம் எடுத்திருப்பேன். எல்லாவற்றிலும் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி விறைத்த முகம். பரீட்சை முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு அப்புறம் நான்கு தடவை அவளுக்குச் சட்டை போட்டு அளந்திருக்கிறேன். தோள் அகலத்தில் அரை சென்டிமீட்டர் கூடினால் கண்டுபிடிக்கிற எனக்கு, அவள் வாயில் ஒரு பல் இல்லாதது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, அழுகையாக வந்தது.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சுமதி மெதுவாகத்தான் கேட்டாள். “உங்க போன்ல இவ மூஞ்சி தெரியற போட்டோ எத்தன இருக்குதுங்க?” எடுத்துப் பார்த்தேன். கோடு போட்ட பனியன், பூப்போட்ட கவுன், இரவு உடை, அரைக்கால் டவுசர். மேலே மேலே தள்ளிக்கொண்டே போனேன். நாலரை வருடம், எல்லாம் கழுத்தில் தொடங்கி முழங்காலில் முடிந்தது. பிறந்த நாளுக்கு யாரோ அனுப்பிய படங்கள் ஆறேழு இருந்தன. அன்றைக்கு எடுத்த விறைத்த முகங்களை விட்டால், நான் எடுத்தது ஒன்றும் இல்லை. அந்தப் பீகார்ப் பெண்ணின் நினைவு வந்தது. இந்த லீவில் என் மகள் சிரித்த ஒரே படம் திருப்பூரில் ஏதோ ஒரு லைன் வீட்டில், பெயர்கூடத் தெரியாத ஒருத்தியின் போனில் இருக்கிறது.

ஏதாவது செய்து ஈடு கட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பரபரப்பு. போனை மகியிடம் கொடுத்தேன். “நீ எடு, அப்பாவ எடு” என்றேன். அவளுக்கு ஒரே குஷி. மறுபடி அணையின் கைப்பிடிச் சுவருக்கே இழுத்துப் போய் என்னை நிற்க வைத்தாள். “கைய ஒட்டாதீங்கப்பா. மூச்ச இழுக்காதீங்க. ஆடாதீங்க.” ஒவ்வொன்றாகச் சொன்னாள், அப்படியே என் குரலில். தருண் கை தட்டிச் சிரித்தான். நான் மூச்சை இழுக்காமல் நின்றேன்.

நான்காம் நாள் திரும்பினோம். பஸ்ஸில் மூலனூர் முருங்கைக்காய்க் கட்டு ஒன்றை எனக்கு முன்னால் சாத்தியிருந்தார்கள், வழி நெடுக அது என் முட்டியில் இடித்துக்கொண்டே வந்தது. டயர் பஞ்சராகவில்லை. வேப்ப மரத்தைத் தாண்டும்போது மகி எட்டிப் பார்த்து, “அந்த அக்கா இல்லீங்க” என்றாள். பல்லடம் வந்ததும் போனை உயிர்ப்பித்தேன். பையரிடமிருந்து பதில் வந்திருந்தது. ஜாக்கெட்டில் குறை ஒன்றும் இல்லை, குழந்தைதான் அளவைத் தாண்டி வளர்ந்துவிட்டது, இனி ஆறு வயது அளவுக்கு வேறு குழந்தையைப் பயன்படுத்தவும் என்று எழுதியிருந்தார்கள். என் மகள் வளர்ந்துவிட்டாள் என்று எங்கேயோ குளிர் தேசத்தில் இருக்கிறவன் எனக்கு எழுதித் தெரிவிக்கிறான்.

மாஸ்டரும் போன் செய்தார். “பரவால்லீங்ணா. அடுத்த ஆர்டர் மூணு வயசு சைஸ்தானுங்க. நம்ம தம்பி இருக்கான்ல?” தருண் என் மடியில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். “பார்க்கலாம்” என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக இன்றைக்கும் என்னை நானே ஏசிக்கொள்கிறேன்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முதல் நாள் மகியைக் கூட்டிக்கொண்டு பிரிண்ட் போட ஸ்டுடியோவுக்குப் போனேன். இருக்கிற விறைத்த முகங்களில் சுமாரான ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். மகி ஒத்துக்கொள்ளவில்லை. “அதுல நான் நல்லால்லீங்கப்பா” என்று போனைப் பிடுங்கி, தள்ளித் தள்ளிப் பார்த்து, ஒரு படத்தைக் காட்டி அதுதான் வேண்டும் என்றாள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. வீட்டுக்கு வந்து அவளே பசை தடவி நோட்டில் ஒட்டினாள். என் நீலச் சட்டை, விலக்கி வைத்த இரண்டு கைகள், பின்னால் கொஞ்சம் அணைத் தண்ணி. கழுத்திலிருந்து முழங்கால் வரை. அளவு பிசகாமல் எடுத்திருந்தாள். கீழே பென்சிலால் எழுதினாள்: ‘நாங்கள் டேம் போனோம். இது என் அப்பா.’

மறுநாள் சாயங்காலம் பையைக் கழற்றி வைத்ததும் என்னிடம் வந்தாள்.

“மிஸ் கேட்டாங்கப்பா, உங்கப்பா தலை எங்க கண்ணுன்னு.”

“நீ என்ன சொன்ன?”

“எங்கூட்டு போட்டோல தலை வராதுங்க மிஸ்ன்னு சொன்னேன். கரெக்டுதானுங்களே?”

சுமதி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“கரெக்டுதான் மக்கா” என்றேன்.